வாரேன் வாரேன் என்ற மாமா

சிறுநீரக அழற்சியில் நோய் எதிர்ப்புச் செல்கள் என்ன செய்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. சேலத்து ஆய்வகத்தில் எலிகளின் சிறுநீரகத்துக்குள் அந்தச் செல்களைத் தேடுவது வேலை. முனைவர் பட்டம் வாங்கியதும் சொந்தக்காரர்கள் டாக்டர் என்று கூப்பிட்டார்கள். மாத்திரை எழுதித் தர மாட்டேன் என்று தெரிந்ததும் அந்த மரியாதை போய்விட்டது.

வெண்ணந்தூரில் ஒரு விருந்தில் தாய்மாமாவைப் பார்த்தேன். ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். முகம் உப்பியிருந்தது. செருப்பு வார் காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது.

"முட்டிவலிக்கு மாத்திரை போடறீங்களா மாமா?"

"தெனமும் போடறேன் சாமி. இல்லீன்னா வண்டில ஏற முடியாது."

"ஒண்ணுக்கு நொரையாப் போகுதுங்களா?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. அத்தை என் தொடையைக் கிள்ளினார். "சோறு திங்கற எடத்துல என்ன பேச்சு இது?"

அதன்பின் ரத்தம் சோதிக்க வரச்சொல்லி மாமாவுக்குப் போன் செய்யும்போதெல்லாம் "வாரேன் சாமி, வாரேன்" என்பார். வரமாட்டார். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் பாதியில் கிடந்த சோதனையை விட்டுக் கிளம்பினேன். எடுத்து வைத்த செல்கள் வீணாயின. ஆய்வகத் தலைவர் திட்டினார். மாமாவை ராசிபுரத்துக்கு இழுத்துப்போய் ரத்தமும் சிறுநீரும் சோதித்தோம். இரண்டுமே மோசம். சேலத்து மருத்துவமனையில் சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். நான் கெஞ்சிக் கேட்டு நுண்ணோக்கியில் குனிந்தேன். எலிகளில் ஆயிரம் தடவை பார்த்த அதே செல்களின் கூட்டம், மாமாவின் உடம்புக்குள்.

"வலி மாத்திரையை எதிரின்னு நெனச்சு உங்க காவல்காரங்களே உள்ள பூந்து அடிக்கறாங்க மாமா."

"நம்மாளுங்களேவா?" என்றார். அன்றுதான் முதல்முறையாகப் பயந்தார்.

வலி மாத்திரையை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார்கள். மெல்ல வீக்கம் வடிந்தது. நிம்மதியாக ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனால், தின்பண்டத் தட்டோடு உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "மல்லசமுத்திரத்துல ஒருத்தர் கசாயம் குடுத்தாருங்க. அதுலதான் கொணமாச்சு."

"கசாயமா? எப்ப இருந்து குடிக்கறீங்க?"

"கத்தாத சாமி. அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டுமேன்னுதான்."

அது மறுபடி சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமோ என்ற பயத்தில் அடுப்படிக்குப் போய் பாட்டிலைத் தேடியெடுத்துச் சாக்கடையில் கொட்டினேன். அத்தை என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. இப்போதும் ரத்தம் எடுக்க அவரை நான்தான் கூட்டிப்போகிறேன். ஒவ்வொரு தடவையும் பேருந்து ஏறும்வரை சண்டைதான்.