வஸ்தியாம்பிள்ளை அவர்களும் இடம் மாறிய இரண்டு சுருள்களும்

செவ்வாய்க்கிழமை காலை, படக்கொட்டகையின் பின்புறத்தில் எண்ணெய் என்ஜினின் தலையைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றேன். வாசலில் சீட்டுக் கிழிக்கும் தங்கராசா நாவற்குடாவிலிருந்து சைக்கிளில் வந்தான். ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடியே சொன்னான்.

“வஸ்தி அண்ணன் போயிட்டார்.”

“ஆர் சொன்னது?”

“ஊரே சொல்லுது.”

“நீ பாத்தியா?”

“மூண்டு நாளாக் காய்ச்சல் எண்டு உனக்குத் தெரியாதா? கோயில் மணியும் அடிச்சிட்டு. மணிக்காரன் பொய் சொல்லுவானா?”

மணிக்காரன் சொல்லமாட்டான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. கைகளை மண்ணெண்ணெயில் கழுவினேன். யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பாதவன் நான். கொழும்பில் மூன்று வருடம் இயந்திரத் தொழில் படித்தவன். என்ஜின் ஏன் நின்றது என்று அதன் சொந்தக்காரன் சொல்லும் காரணம் ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. மனிதரிடமும் அந்தப் பழக்கமே எனக்கு வந்துவிட்டது. காலஞ்சென்ற வஸ்தியாம்பிள்ளை அவர்களையும் நான் அப்படித்தான் பார்த்தேன் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்வது: எங்கள் கொட்டகையில் இங்கிலீசுப் படம் ஓடும்போது திரைக்கு இடப்பக்கம் நின்று தமிழில் கதை சொன்னவர் அவர். வெள்ளைச் சால்வை, கையில் ஒரு பிரம்பு, தகரத்தில் செய்த ஊதுகுழல். பிரம்பை உயர்த்தினால் படம் ஓட்டும் நான் சத்தத்தைக் குறைக்க வேண்டும். தாழ்த்தினால் கூட்ட வேண்டும். படம் காட்ட ஒரேயொரு இயந்திரம்தான். ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை விளக்கு எரியும். அந்த இடைவெளியிலும் சனத்தைக் கதிரையில் பிடித்து வைத்திருந்தது அவருடைய குரல்தான்.

அவருக்கு இங்கிலீசு தெரியாது என்பது என் முதல் சந்தேகம். ஒருநாள் படப்பெட்டியில் ஒட்டியிருந்த ஒரு வசனத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். “அது பெட்டிக்காரன் எழுதினது, தம்பி. படத்துக்கும் அதுக்கும் என்ன?” என்றார். படத்தோடு வரும் கதைத்தாளை அவர் முதல்நாளே வாங்கிக்கொண்டு போய், வீட்டில் அகராதியோடு உட்கார்ந்திருப்பார் என்பதைப் பின்னரே அறிந்தேன். அதைக் கெட்டித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கள்ளம் என்றே நினைத்தேன்.

படம் முடிந்ததும் வாசலில் போய் நிற்பார். வெளியே வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “ஆரில பிழை?” நல்லம் என்ற பதிலை ஏற்கமாட்டார். “நல்லம் எண்டு சோத்துக்குச் சொல்லுங்க. படத்தில ஆரில பிழை எண்டு சொல்லிப்போட்டுப் போங்க” என்று மறித்து நிற்பார். சனம் சொன்னதை மனதில் வைத்து, அடுத்த காட்சியில் விளங்காத இடத்தை இன்னும் விளங்கச் சொல்வார். கடைசியாக என்னிடமும் கேட்பார். “எனக்கு விளக்கில எரியிற கார்பன் குச்சியைப் பாக்கவே நேரமில்லை, படம் எங்க பாக்கிறது?” என்பேன். சிரித்துவிட்டுப் போவார். எல்லாரிடமும் இந்த மனிதர் ஏன் இப்படி விசாரிக்கிறார் என்று யோசிப்பேன்.

இந்த யுத்தம் துவங்குவதற்கு முந்திய வருடம் அந்தச் சூதாட்டப் படம் வந்தது. ஒரு முடிதிருத்தும் கடைக்குக் கீழே நிலவறையில் ஐந்து பேர் களவாகப் போக்கர் விளையாடுகிறார்கள். நாலாம் சுருளில் பொலிஸ் வந்து வளைக்கிறது, ஒருவன் அகப்படுகிறான். ஐந்தாம் சுருளில், அவர்களில் கால் ஊனமான மனிதர் பொலிஸ் நிலையத்துக்குப் போய், கூட்டாளிக்குப் பிணை நின்று கடதாசியில் கையெழுத்துப் போடுகிறார். ஆறாம் சுருளில் தெருவில் சுடுபட்டு இறக்கிறார். மற்றவர்கள் அழுகிறார்கள்.

சனிக்கிழமை பின்னேரக் காட்சியில் நான் நாலுக்கு முன் ஐந்தை ஓட்டிவிட்டேன். படம் முன்பு ஓடிய ஊரில் சுருள்களைப் பெட்டி மாற்றி வைத்திருக்கிறார்கள். சுருளின் தலைப்பில் இலக்கம் இருக்கும். அதைப் பார்க்க அரை நிமிடம் போதும். யாரையும் நம்பாத நான் அன்றைக்குப் பெட்டியை நம்பினேன். அதற்கு முந்திய மாதம் விளக்குச் சூட்டில் ஒரு படத்தை எரித்திருந்தேன். இன்னொரு பிழை விட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

திரையில் நொண்டி மனிதர் பொலிஸ் நிலையத்துக்குள் போனதும் வஸ்தி அண்ணன் பேச்சை நிறுத்தினார். திரும்பி, என் அறையின் துவாரத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு பிரம்பை உயர்த்தினார். நான் சத்தத்தைக் குறைத்தேன்.

“பாருங்க மக்காள், கூட இருந்து விளையாடினவன் போறான். எங்க போறான்? காட்டிக்குடுக்கப் போறான். கையெழுத்தும் வைக்கான்.”

அடுத்த சுருளில் பொலிஸ் வந்து வளைத்தது. கொட்டகை முழுவதும் நொண்டியைத் திட்டியது. கடைசியில் அவர் இறந்தபோது, “காட்டிக்குடுத்தவனையும் மன்னிச்சு அழுகிறாங்க” என்று அண்ணன் முடித்து வைத்தார். பிழை நடந்தது ஒருவருக்கும் தெரியவில்லை.

வாசலில் வழக்கம்போலக் கேட்டார். காத்தான்குடி நெசவுக்காரர் காசிம் காக்கா, “துரும்பு கேக்காம என்ன விளையாட்டு, வஸ்தியார்? எங்கட முந்நூற்று நாலு விளையாடத் தெரிஞ்சிருந்தா இவனுகள் சாகமாட்டானுகள்” என்றார். மெதடிஸ்ற் பள்ளிக்கூட ரீச்சரம்மா ஒருவர், “அஞ்சு பேரிலயும் பிழை. ஒருத்தன்ட பெண்சாதியையும் காட்டல்லையே” என்றார். கல்லடிக் கணபதிப்போடியார் மட்டும் நின்று, நிதானமாகச் சொன்னார்.

“நொண்டியில பிழை. காட்டிக்குடுக்கிறவன் கையில நாலு ஆசுச் சீட்டு வச்சிருந்தாலும் மனிசனில்லை.”

போடியாருக்குப் படுவான்கரையில் வயல் வட்டை இருக்கிறது. கல்லடிக் கடற்கரையில் கருவாட்டு வாடிக் கொட்டில் ஒன்றும் இருக்கிறது. அந்த வாடிக்குள் பின்னேரங்களில் ஐந்தாறு பேர் காட்ஸ் விளையாடுவார்கள். பொலிசுக்குத் தெரியாத விளையாட்டு. வஸ்தி அண்ணனும் அதில் ஒருவர். அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அதுதான். படம் வருவதற்கு ஒரு மாதம் முன்பு பொலிஸ் அந்த வாடியை வளைத்தது. அன்றைக்கு அண்ணன் போயிருக்கவில்லை. யார் காட்டிக்கொடுத்தது என்று அவர்கள் ஒருவரையொருவர் எடைபோட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

ஞாயிற்றுக்கிழமை சுருள்களைச் சரியாக ஓட்டினேன். அண்ணனும் கதையைச் சரியாகச் சொன்னார். நொண்டி நல்லவராகிவிட்டார். போடியார் மறுபடியும் வந்திருந்தார், நொண்டி சாவதை இன்னொருதரம் பார்க்க. காட்சி முடிந்ததும் வாசலில் அண்ணனை மறித்தார். கேள்வியை இந்தமுறை போடியார் கேட்டார்.

“நேத்துக் காட்டிக்குடுத்தவன் இண்டைக்குப் பிணை நிக்கான். எப்பிடி வஸ்தியார்?”

“படம் அப்பிடித்தான், போடியார்.”

“படம் நேத்தும் இதுதானே? வாய்தான் வேற. ராவைக்குப் படுத்து யோசிச்சீங்களோ? நெஞ்சு குத்திச்சோ?”

அண்ணன் சால்வையைத் தோளில் இழுத்துப் போட்டார்.

“வாடிக்குப் பொலிஸ் வந்த அண்டு நீங்க மட்டும் இல்லை. நான் இவ்வளவு நாளும் வாய் திறக்கல்ல.”

மூன்று முழத் தூரத்தில், கையில் படப்பெட்டிகளோடு நான் நின்றேன். முதலாளியும் அங்கேதான் நின்றார். அண்ணன் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு, “நேத்து எனக்கு நினைவு பிசகிப் போச்சு, போடியார்” என்றார்.

“நாப்பது படம் சொன்ன ஆளுக்கு நினைவு பிசகுமோ? நாளையில இருந்து வாடிப் பக்கம் வரவேணாம்.”

அன்றோடு அவருக்குக் காட்ஸ் போயிற்று. கல்லடிப் பாலத்தில் நேரே வந்தவர்கள் அவரைக் கண்டதும் வாவியைப் பார்த்துக்கொண்டு கடந்து போனார்கள். அதைவிட மோசம், வாசலில் அவர் கேட்ட கேள்விக்குச் சனம், “நல்லம், வஸ்தியார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகத் தொடங்கியது. பொலிசுக்குக் கதை கொண்டுபோகிறவரிடம் யார் வாய் திறப்பார்கள்?

ஒருநாள் நேரே கேட்டேன். “ஏன் சொல்லல்ல? ரீலை மாத்திப் போட்டது நான் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா முடிஞ்சிருக்கும்.”

“சொன்னா உமக்கு வேலை போகும், தம்பி. எனக்குக் காட்ஸ்தானே போகுது.”

நன்றி சொல்லியிருக்க வேண்டும். இந்த மனிதர் என்னிடம் எதையோ எதிர்பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். கடன் கேட்பார், தன் மருமகனுக்கு வேலை கேட்பார் என்று நாலு வருடம் காத்திருந்தேன். இன்னொன்றும் நினைத்தேன்: ஒருவேளை பொலிசுக்குச் சொன்னவர் இவரேதானோ? அதனால்தான் பழியை இவ்வளவு லேசாகத் தோளில் போட்டுக்கொண்டாரோ? பொலிஸ் வந்த பின்னேரம் அவர் கொட்டகை மரவாங்கில் கதைத்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கியதை நான் கண்டேன். ஆனால் தகவல் அனுப்ப ஆள் எழும்பிப் போகத் தேவையில்லையே என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. படம் முடிந்ததும், “ஆரில பிழை, தம்பி?” என்பதை மட்டும் விடாமல் கேட்டார்.

புதன்கிழமை பின்னேரம் நாவற்குடாவில் அடக்கம். போடியாரும் வாடிக்காரர் நால்வரும் வந்திருந்தார்கள். வேலிக்கு வெளியே நின்றார்கள். பெட்டி தூக்க ஆள் குறைந்தது. அப்போதும் அவர்கள் அசையவில்லை. நான் வெளியே போனேன்.

“போடியார், அண்டைக்கு ரீலை மாத்தி ஓட்டினது நான். அவர் என்னைக் காப்பாத்தக் கதையை மாத்தினவர்.”

போடியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நாலு வரிசமா எங்க போனாய்? செத்த ஆளுக்காகப் பொய் சொல்லுறாய், மனே.”

“நாலாம் சுருள்ல பொலிஸ் வருகுது. அஞ்சாம் சுருள்ல பிணை. நான் அஞ்சை முதல் போட்டன். நீங்க ரெண்டு நாளும் பாத்த ஆள். யோசிச்சுப் பாருங்க.”

அவர் யோசித்தார். உதடுகள் அசைந்தன, படத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு கேட்டார்.

“அப்ப பொலிசுக்குச் சொன்னது ஆர்?”

நாலு வருடம் அண்ணன் தலையில் இறக்கி வைத்திருந்த சந்தேகம் அது. இப்போது ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் பார்வையைத் தாழ்த்தினார். அது துக்கமா வேறொன்றா என்று எனக்குத் தெரியாது. பிறகு போடியார் மேல்சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு உள்ளே வந்தார். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். ஐந்து பேரும் நானும் பெட்டியைத் தூக்கினோம். கல்லறைக்குப் போகும்வரை அவர்கள் பாதையைப் பார்க்கவில்லை. தோளுக்கு மேலால் ஒருவரையொருவர் பார்த்தபடியே நடந்தார்கள்.

முதலாளி இதைப் படிப்பார். படிக்கட்டும்.

வஸ்தி அண்ணன், ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நீங்கள் கேட்டதற்கு நான் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்: என்னில்தான் பிழை. போய் வாருங்கள்.