சரோஜா அக்காவின் பிக்அப்பில் ஏர்கோன் பூவுக்குத்தான்

சரோஜா அக்கா இன்று காலை போய்விட்டார்... புந்தோங்கில் பூக்கடை வைத்திருந்தாரே, அவர்தான். மாரடைப்பு என்று மகள் கவிதா போனில் சொன்னாள்.

நான் வண்டி ஏர்கோன் மெக்கானிக். என் பட்டறைக்கு வந்தவர்களில் என்னை அதிகம் திட்டியவர் இந்த அக்கா.

பழைய பிக்அப் ஒன்று வைத்திருந்தார். வாழைமரம், தென்னங்குருத்து எல்லாம் பின்னால் கிடக்கும். கல்யாண மாலை மட்டும் எப்போதும் முன் சீட்டில், பெல்ட் மாட்டி!

"இங்க ஜில்லுன்னு இருக்கு தம்பி. காம்பார் போறதுக்குள்ள காத்தே நின்னுருது. என்னத்த பாத்தே நீ?"

கேஸ் சரியாக இருந்தது. கொம்ப்ரசரும் நன்றாக ஓடியது. பட்டறையில் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் குளிர்ந்துகொண்டே இருக்கும். ஒன்றும் இல்லை அக்கா என்றால் அவருக்குக் கோபம் வரும்... எனக்கும்தான்.

ஒருநாள் லூமுட்டில் கல்யாணம், மாலை அக்காவுடையது. "நீயும் ஏறு, போலாம். வழியில நின்னா நீயே பாரு லா" என்றார். முன் சீட்டில் மாலை. பின் சீட்டில் நான், மடியில் மல்லிகைக் கூடை.

ஏறியதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சுற்றிலும் ஈரச் சாக்கு, ஈரத்துணி. கண்ணாடி எல்லாம் மூடியிருக்கிறது. குளிரைக் கடைசிவரை திருகிவிட்டு, காற்றை மட்டும் ஒன்றில் வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், "கூட்டி வச்சா இதழ் கொட்டிரும்."

ஸ்ரீ இஸ்கண்டார் வருவதற்குள் காற்று நின்றுவிட்டது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, முன்னால் வந்து டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து தொட்டுப் பார்த்தேன். காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயில் முழுக்க, அந்த ஈரத்திலும் குறைந்த காற்றிலும் ஐஸ் பிடித்து அடைத்திருந்தது. பட்டறைக்கு வரும் காலி வண்டியில் பூவும் இல்லை, ஈரமும் இல்லை; எத்தனை தடவை பார்த்தும் இது தெரியாமல் போனது அதனால்தான்.

அக்காவுக்கு முகமே மாறிவிட்டது. "வாடின மாலைய போட்டா அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் போட்டோவுல பாத்துக்கிட்டு இருக்கும் தம்பி..."

கூலிங்கை நிறுத்திவிட்டு, ஐஸ் உருகக் காற்றை முழுசாக வைத்தேன். அந்தக் காற்றில் பூ தாங்காது. ஆளுக்கொரு மாலையைத் தூக்கிக்கொண்டு சாலையோர மரத்தடியில் நின்றோம். போகிற வண்டியெல்லாம் வேகம் குறைத்தது. மோட்டாரில் போன ஒருவர், "தாஹ்னியா!" என்று வாழ்த்திவிட்டே போனார்.

அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அலாமாக்... எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிராத லா!"

மாலை வாடாமல் போய்ச் சேர்ந்தது. கூலிங் காயில் ஐஸ் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் கெட்டிருந்தது, மறுநாள் மாற்றிக் கொடுத்தேன். திட்டு மட்டும் நிற்கவில்லை. கொஞ்ச நாள் வராமல் இருந்தால் எனக்கே என்னவோ போல இருக்கும்.

மதியம் கவிதா மறுபடியும் கூப்பிட்டாள். "மாமா, நாளைக்குக் காலையில எடுக்கிறோம், அம்மாவுக்கு மாலை வாங்கணும்... எங்க வாங்குறதுன்னே தெரியல. நாங்க வாங்கினதே இல்ல மாமா."

நான் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருப் பூக்கடைக்குப் போனேன். கட்டி வைத்த மாலைகள் தொங்கின. கடைக்காரர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டே, யாருக்கு என்று கேட்டார். சொன்னேன்.

எடுத்ததைத் திரும்ப மாட்டிவிட்டார். உட்கார்ந்து புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்.

நின்று வாங்கி வந்தேன் அக்கா... நாளைக்குக் காலையில் வாரேன்.