மூன்றாம் ஓலை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை. என் மகளுக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. அன்று மாப்பிள்ளை வீட்டாரின் ஆலயத்தில் மூன்றாம் ஓலை வாசிக்கிறார்கள், ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பாடு என்று அழைத்திருந்தார்கள். கடலூரிலிருந்து நானும் என் கணவரும் காலையிலேயே பஸ் ஏறிவிட்டோம்.

கிறிஸ்தவர்கள் அல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் அறிவிப்பு வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். அதைத்தான் ஓலை என்போம். அன்றுவரை நான் அறிந்து யாரும் வாய் திறந்ததில்லை.

எனக்கு ஒரே தம்பி. அப்போது ஆறு வருடமாக எங்களோடு பேச்சு இல்லை. சொத்துத் தகராறா என்றால் அதுவும் இல்லை. கடலூரில் எங்கள் சபையின் கமிட்டித் தேர்தலில் என் கணவர் ஓர் அணி, தம்பி எதிரணி. சட்டசபைத் தேர்தலில்கூட அவ்வளவு வார்த்தை தடித்திருக்காது. என் கணவர் ஜெயித்தார். "இனிமே எந்தச் சர்ச் வாசப்படியும் மிதிக்க மாட்டேன்" என்று தம்பி சொல்லிவிட்டு, வேலையையும் மாற்றிக்கொண்டு சிதம்பரம் போய்விட்டான். பிறகு என் போனையும் எடுப்பதில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நான்தான்.

எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் பெண் ஆலயத்துக்குக் கிளம்புவாள். நிச்சயதார்த்தத்தில் சம்பந்தியம்மா தாய்மாமன் எங்கே என்று கேட்டதற்கு, "வெளியூர்ல இருக்காரு" என்று என் கணவர் முடித்துவிட்டார். சிதம்பரம் எங்களுக்கு வெளியூர்தானே, பொய்யில்லை! பத்திரிகையில் அவன் பெயரைப் போடலாம் என்று நான் எவ்வளவோ கெஞ்சினேன். மனிதர் அசையவில்லை. அவன் இல்லாமல் மகளை எப்படி அனுப்புவது என்று நான் அழாத நாளில்லை.

ஆராதனை தொடங்கியது. பெண்கள் பக்கத்தில் சம்பந்தியம்மாவுக்கு அருகே உட்கார்ந்திருந்தேன். தற்செயலாக ஆண்கள் பக்கம் பார்த்தால், நான்காவது வரிசையில் ஒரு பின்கழுத்து. எத்தனை நரைத்தாலும் கூடப் பிறந்தவனைத் தெரியாதா? தம்பி! வாசப்படி மிதிக்க மாட்டேன் என்றவன் பாட்டுப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு மூன்று வரிசை பின்னால் என் கணவர்.

போதகர் ஓலையை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். தம்பி எழுந்து நின்றான்.

சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருங்க அது?" என்றார். "என் தம்பி" என்றேன்.

"தடையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க ஐயா," என்றான் தம்பி. "நான் அந்தப் பொண்ணோட தாய்மாமன். அவளுக்குக் கல்யாணம்னே இங்க ஓலை வாசிச்சப்பதான் தெரியும். ரெண்டு வாரமும் வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். இதான் கடைசி ஓலை. மாலை போட என்னையக் கூப்புடுவாங்களான்னு தெரியல. நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லணும்னு தோணுச்சு."

அப்படியே உட்கார்ந்துவிட்டான். இதற்கெல்லாம் ஆராதனை முறையில் பதில் கிடையாதே. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அடுத்த பாட்டை அறிவித்தார். நான் பாடவில்லை. என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பமும் திராட்சரசமும் வாங்கும் நற்கருணைக்கு முன்பு ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கை கொடுப்போம். தேர்தல் சண்டை மூண்டதிலிருந்து முடிவு வரும்வரை, இவர்கள் இருவரும் கடலூரில் ஊருக்கெல்லாம் கை கொடுத்துவிட்டு, ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்விடுவார்கள். அன்று என் கணவர் பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கை கொடுக்கவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து நேராகத் தம்பியிடம் போனார்.

"ஏன் மச்சான், பத்திரிகைய சர்ச்சுலயா கேப்பாங்க? வூட்டுக்கு வந்து கேட்டா குடுக்க மாட்டேனா?"

"வந்தா கதவத் தொறந்திருப்பீங்களா மாமா?"

என் கணவர் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. போதகர் ஜெபத்தைத் தொடங்காமல் காத்திருந்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஆராதனை முடிந்ததும் நேரே தம்பி வீட்டுக்குப் போய்ப் பத்திரிகை வைத்தோம். அப்புறம்தான் சாப்பாட்டுக்குப் போனோம். "ஏங்க, ஒங்க வூட்டுச் சமாதானத்துல எங்க வூட்டுப் பிரியாணி ஆறிப்போச்சுங்க" என்று சம்பந்தியம்மா கேலி செய்தார். இன்னும் இரண்டு கரண்டி கூடப் போட்டார்.

மகளுக்குத் தம்பிதான் மாலை போட்டான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அவன் மனைவி இன்னும் என் கணவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தத் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தால் மாமனும் மச்சானும் இப்போதும் குரல் உயர்த்துவார்கள். ஆனால் ஒரே சோபாவில் உட்கார்ந்துதான் உயர்த்துகிறார்கள்.

இப்போதும் எங்கள் ஆலயத்தில் ஓலை வாசித்து, தடை உண்டா என்று கேட்கும்போது நான் திரும்பிப் பார்ப்பேன். எழுந்து நிற்க ஆசைப்பட்டும் உட்கார்ந்தே இருப்பவர்கள் எத்தனை பேரோ! யாராவது எழுந்தால், அவர் பக்கத்தில் போய் நிற்கும் முதல் ஆள் நானாக இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து வேண்டிக்கொண்டே இருக்கிறேன்.