முழங்கால் மடித்துக் கொடுத்த அளவு

பதின்மூன்று வயதில் நான் ஐந்தடி ஏழு அங்குலம் இருந்தேன். மன்னார்க் கடற்கரையிலிருக்கும் எங்கள் பேசாலையில் அந்த வயதுப் பெட்டை ஒருத்தி அவ்வளவு வளர்ந்தால் ஊர் சும்மா விடாது. வகுப்புப் படம் எடுக்கும்போது பெடியன்களுக்கும் பின்னால் கடைசி வரிசையில் நிற்கவைப்பார்கள். மாதா கோயில் பூசையில் முன்வாங்கில் இருந்தால் பின்னாலிருப்பவர்கள் தோளில் தட்டி ஓரமாகப் போகச் சொல்லுவார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் பூநாரை. மாரி முடிகிற நேரம் எங்கள் பக்கத்துக் கடலேரியில் வந்து நிற்கும் அந்த நெட்டைக்கால் பறவைகளைப் பார்க்கக் கொழும்பிலிருந்தெல்லாம் கமெராவோடு ஆட்கள் வருவார்கள். அது அவற்றுக்குப் பெருமையாக இருந்திருக்கலாம், எனக்கு இல்லை. நான் தோளைச் சுருக்கி, தலை குனிந்து, இரண்டு அங்குலமாவது குறைத்துக்கொண்டுதான் வீட்டை விட்டு வெளிக்கிடுவேன்.

அந்த வருடம் ரியூசன் வகுப்புக்குப் போய்வர எனக்கொரு சைக்கிள் வாங்குவதென்று வீட்டில் முடிவானது. கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் என்றார் அம்மா. பீ.எம்.எக்ஸ் என்றேன் நான். என் சிநேகிதிக்கு அப்படி ஒன்று இருந்தது. சின்னச் சில்லு, பதிந்த சீற். முழங்காலை மடித்து முதுகை வளைத்து ஓடுவதுதான் அதற்கு ஸ்டைல். அதில் ஓடுகிற எல்லாரும் எனக்கு ஒரே உயரமாகத் தெரிந்தார்கள். கூனிக்கொண்டு போகிறவளையும் கெட்டிக்காரி என்று பார்க்கவைக்கிற ஒரே வாகனம் அது. அதை விட்டுவிட்டு, கூடையை முன்னால் வைத்து நிமிர்ந்து இருந்து என் முழு உயரத்தையும் ஊருக்குக் காட்டிக்கொண்டு போக நான் என்ன விசரியா? இந்தக் கணக்கை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் அழுதேன், அவ்வளவுதான்.

"இந்த நெட்டைக்குப் பீ.எம்.எக்ஸோ? முழங்கால் நாடியில இடிக்கும்" என்றார் அம்மா.

"அவள்தானே ஓடப்போறாள்" என்றார் அப்பா.

அப்பா கடற்றொழிலாளி. என் உயரம் அவரிடமிருந்து வந்ததுதான். பேச்சுக் குறைவு. யாராவது பகிடி பண்ணிவிட்டால் ஆறு மாதத்துக்கு அந்த ஆளோடு கதைக்கமாட்டார். மீனவர் சங்கக் கூட்டத்தில் அவர் எழும்பினால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அவரைப் பார்த்துச் சிரிக்க ஊரில் ஒருவருக்கும் தைரியம் இருக்கவில்லை.

மன்னார் டவுன் கடைக்காரர் போனில் பிள்ளையின் அளவைக் கொண்டுவரச் சொன்னாராம். அப்பா போவது மீன் ஏற்றுகிற கூலர் லொறியில், சைக்கிள் திரும்பி வருவதும் அதில்தான். அதில் என்னையும் ஏற்ற இடமில்லாததால் எனக்குப் பதிலாக என் அளவு மட்டும் போகவேண்டியிருந்தது. அப்பா வலைநூலில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தார்.

"நேரா நில்லு பிள்ளை."

நான் நீளப் பாவாடை உடுத்தியிருந்தேன். நெஞ்சை நிமிர்த்தி, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, பாவாடைக்குள் முழங்கால் இரண்டையும் மெல்ல மடித்தேன். அளவு குறைந்தால் குட்டிச் சைக்கிள்தானே வரும். அப்பா நூலின் ஒரு நுனியை என் குதிக்காலடியில் பிடித்து மறு நுனியை இடுப்புக்குக் கொண்டுவந்தார்.

"நேராத்தான் நிக்கிறியோ?"

"ஓம் அப்பா."

அவர் முடிச்சுப் போட்டார். கொஞ்ச நேரம் நூலைப் பார்த்தார். பிறகு அதைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தார். அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியிடம் தம்பிக்குக் கிள்ளியது வரைக்கும் சொன்னேன், இதை மட்டும் சொல்லவில்லை. அப்பாவிடம் போய் உண்மையைச் சொல்லு என்று சுவாமி சொல்லிவிட்டால் என்ன செய்வது?

திங்கட்கிழமை பின்னேரம் சைக்கிள் வந்திறங்கியது. நான் கேட்ட நீலம், நான் கேட்ட சின்னச் சில்லு. சிநேகிதி தன்னுடையதைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினாள். அப்போதுதான் பார்த்தேன். என்னுடையதன் மேல் பார் நீளமாக இருந்தது. ஹாண்டில் அவளுடையதைவிட ஒரு சாண் உயரத்தில் நின்றது.

"உயரமான ஆக்களுக்கெண்டு தனியா வாறதாம். கடைக்காரர் உள்ளுக்குப் போய்த் தேடி எடுத்தவர்" என்றார் அப்பா.

சிநேகிதி அதைக் கேட்டுவிட்டாள். விடிந்தால் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் கொடுத்த அளவுக்கு இந்தச் சைக்கிள் வர நியாயமே இல்லை. ஆனால் அதைக் கேட்கப்போனால் நான் கள்ள அளவு கொடுத்ததும் வெளியில் வந்துவிடும்.

"நிறம் பிடிக்கேல்ல" என்றேன்.

"நீ கேட்ட நீலம்தானே?"

"இது வேற நீலம்."

அந்தக் கிழமை முழுக்க நான் வகுப்புக்கு நடந்தே போனேன். பூநாரைக்குச் சில்லு பூட்டியாச்சு என்று பெடியன்கள் கத்துவது ஓடாமலே எனக்குக் கேட்டது. சைக்கிள் சுவரில் சாய்ந்தபடி நின்றது. உப்புக்காற்றுப் பிடிக்குமென்று அப்பா ஒவ்வொரு பின்னேரமும் எண்ணெய்த் துணியால் அதைத் துடைத்துவைத்தார். பிள்ளை கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தால் இப்படித்தான் என்று அம்மா அவரைத்தான் ஏசினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் கோயில் முற்றத்தில் நின்றது. பெடியன்கள் மதிலில் ஏறியிருந்தார்கள். நான் அம்மாவுக்குப் பின்னால் கூனிக்கொண்டு நின்றேன். திடீரென்று மதிலில் பெரிய சிரிப்பு. திரும்பிப் பார்த்தால், மணிக்கூண்டுப் பக்கமிருந்து என் நீலச் சைக்கிளில் அப்பா வந்துகொண்டிருந்தார்.

ஆறடி மனிதர். முழங்கால்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து காதுவரைக்கும் ஏறியிறங்கின. ஞாயிற்றுக்கிழமைக் களிசானை மடித்து விட்டிருந்தார். நேரே படலைக் கதவால் வெளியே போயிருக்கலாம், போகவில்லை. முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு இன்னொரு சுற்று.

"ஒட்டகம் சைக்கிள் ஓடுதடா!" என்று மதிலிலிருந்து ஒருவன் கத்தினான். சங்கத்து ஆட்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. அவரும் சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பாவைப் பார்த்து ஊர் சிரிப்பதை என்னால் தாங்கமுடியவில்லை. அம்மாவின் பின்னாலிருந்து வெளியே பாய்ந்து ஓடிப்போய் ஹாண்டிலைப் பிடித்தேன்.

"இறங்குங்கோ அப்பா!"

உடனே இறங்கிவிட்டார். "அப்ப நீயே கொண்டுபோ" என்று சைக்கிளை என் கையில் தந்தார்.

அத்தனை பேர் முன்னாலும் ஏறி மிதித்தேன். ஹாண்டில் என் கைக்கு வந்து நின்றது. முழங்கால் எங்கும் இடிக்கவில்லை. என்னைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை, எல்லாரும் இன்னும் அப்பாவைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு முழுக்க நான் அப்பாவோடு கதைக்கவில்லை. இந்த வயதில் இவருக்கு என்ன கூத்து என்று அம்மாவிடம் நியாயம் கேட்டேன். அம்மா தன்பாட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நாளிலிருந்து வகுப்புக்கும், கடைக்கும், சிநேகிதி வீட்டுக்கும் அந்தச் சைக்கிளில்தான் போனேன். ஒரு நாளும் அதை வீட்டில் விட்டுவைக்கவில்லை. விட்டால் அப்பா மறுபடியும் எடுத்து ஓடி எங்கள் மானத்தை வாங்கிவிடுவார் என்ற பயம்தான்.