பிளாங்க் டம்ளர்

உயிருள்ள செல்களிடம் "சாப்டாச்சா?" என்று விசாரிப்பதுதான் என் வேலை. பெரம்பலூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இதற்குச் சம்பளமும் தருகிறார்கள். பணியாரக் கல்லைச் சுருக்கியது போலக் குழி குழியாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிக்குள் செல்கள். மேலே மஞ்சள் சாயத்தை விட்டுக் காத்திருக்க வேண்டும். உயிரோடு இருந்து, தின்று செரித்துக்கொண்டிருக்கும் செல் அந்த மஞ்சளைக் கத்திரிப்பூ நிறமாக்கிவிடும். செத்தது மஞ்சளை மஞ்சளாகவே விட்டுவிடும். நிறம் எவ்வளவு அழுத்தமோ, உள்ளே அவ்வளவு வேலை நடக்கிறது என்று கணக்கு. இதை உறவுக்காரர்களிடம் பெருமையாக விளக்கினேன். ஜெயங்கொண்டத்துச் சித்தி, சார்ஜ் ஏறாத தன் போனை எடுத்து நீட்டினார். "செல்லுலதான வேலன்ன?" வாங்கிப் பார்த்தேன். அதன் பிறகு அது ஆன் கூட ஆகவில்லை.

போன வருடம், ஆண்டிமடத்தில் எங்கள் கொல்லை முந்திரியின் இலையைச் சாறெடுத்துச் செல்களுக்குக் கொடுத்துப் பார்த்தேன். தட்டு முழுக்கக் கத்திரிப்பூ. விருது வாங்கப் போகும்போது எந்தச் சட்டை போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன். என்னோடு ஆராய்ச்சி செய்யும் வரதராசன்பேட்டைத் தோழி தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கடைசி வரிசைக்குப் பெயர் பிளாங்க். அதில் சாறு உண்டு, சாயம் உண்டு, செல் மட்டும் கிடையாது. அதுவும் கத்திரிப்பூ.

"ஆளே இல்லாத வூட்ல யாரு சார் சாப்புடுறது?"

இலைச்சாறே சாயத்தை மாற்றியிருக்கிறது. செல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"நல்லவேளை பிளாங்க் வச்சீங்க. இல்லன்னா செத்த லாசர இயேசு எழுப்புன கதையா ஆயிருக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு வழி?

அந்த வாரக் கடைசியில் ஆண்டிமடம் போனேன். அப்பா இறந்ததிலிருந்து அம்மா அங்கே தனியாக இருக்கிறார். அதற்குச் சில நாள் முன்னால் தலைசுற்றிக் குளியலறையில் விழுந்து கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா தற்செயலாக எட்டிப் பார்த்ததால் பிழைத்தார். மறுபடி விழுந்தால் யார் எட்டிப் பார்ப்பார்கள்? கையோடு பெரம்பலூருக்கு அழைத்துப் போகத்தான் வந்திருந்தேன்.

"உங்கப்பா வந்து காப்பி குடிச்சிட்டுப் போறாருடா. நான் வந்துட்டா அவருக்கு யாரு வைப்பா?"

தினமும் சாயங்காலம் அம்மா, அப்பா படத்தின் முன்னால் ஒரு டம்ளர் காபி வைப்பார். காலையில் கொஞ்சம் குறைந்திருக்கும். அம்மாவுக்கு அந்தச் சான்று போதும். எனக்குள் இருந்த விஞ்ஞானி வேட்டியை மடித்துக் கட்டினான். அதேபோல் இன்னொரு டம்ளரில் அதே அளவு காபியை ஊற்றிப் பக்கத்தில் வைத்தேன்.

"இது கொறயலன்னா நீ சொல்றது சரி. ரெண்டும் கொறஞ்சா என்னோட வந்துடணும்."

அம்மா தலையாட்டினார்.

காலையில் ஸ்கேல் வைத்து அளந்தேன். இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தன. பாடம் எடுக்க வாயைத் திறந்தேன்.

"இது யாருக்குடா வச்ச?" என்றார் அம்மா, என் டம்ளரைக் காட்டி.

"யாருக்குமில்லம்மா. பிளாங்க்."

"யாருக்குமில்லன்னா குடிச்சது யாரு?"

"ஆவிம்மா."

நான் சொன்னது நீராவியை.

"அதத்தான்டா நானும் கேக்குறேன், யாரோட ஆவி?" அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் வீட்டில் படையல் போட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லாமல் வைத்தது, வழியில் போகிற யாருக்கும் அழைப்பு. "படிச்ச புள்ள பண்ற வேலையா இது? யாரோ ஒருத்தர வூட்டுக்குள்ள கூப்ட்டு வச்சிருக்க!"

அம்மாவிடம் ஒன்றை நான் சொல்லவில்லை. அப்பா காபியில் ஆடையைக் கண்டால் முகம் சுளிப்பார். ஊதி ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் குடிப்பார். அவர் டம்ளரில் ஆடை ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தது. என் டம்ளரில் மூடியபடியே இருந்தது. ஃபேன் காற்று என்று எழுதிவிடலாம். ஆனால் இரண்டு டம்ளரும் ஒரே ஃபேனுக்குக் கீழேதான் இருந்தன.

"சரி, அப்ப இந்த வூடே வேணாம், கெளம்பு" என்றேன், கிடைத்த சாக்கில்.

"உங்கப்பாவ அந்த ஆளோட தனியா வுட்டுட்டா? நல்லவரா கெட்டவரான்னே தெரியல. நான் வரலடா. நீ போ."

குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்தேன். அரியலூர் வழியாக, சிமெண்ட் லாரிகளின் பின்னால் தூசியைத் தின்றுகொண்டு தனியாகத் திரும்பினேன்.

இப்போது தினமும் சாயங்காலம் போன் செய்கிறேன். மணி அடிக்க அடிக்க, அந்தக் குளியலறைத் தரை கண்முன் வருகிறது. ஒருவழியாக எடுப்பார்.

"இருடா, உங்கப்பாவுக்கு வச்சாச்சு. அவருக்கும் வச்சிட்டு வந்துர்றேன்."

'அந்த ஆளு' எப்போது 'அவரு' ஆனார் என்று எனக்குத் தெரியாது. போனைக் கீழே வைத்துவிட்டுப் போகிறார். டம்ளர் தரையில் உட்காரும் சத்தம் கேட்கிறது. பிறகு ஒன்றும் கேட்பதில்லை. அம்மாவின் காலடி திரும்பி வரும்வரை, போனைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்கிறேன்.