இரண்டு பூப்பொட்டலங்கள்

சிறுநீரகம் வலிக்காது. அதுதான் அது செய்யும் மோசம். பல் வலித்தால் ஊரைக் கூட்டுகிறோம். இது பெரும்பாதி செத்த பிறகுதான் வாயைத் திறக்கும். தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரருக்குச் சிங்காநல்லூர் பக்கம் மில் வேலை. ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாள் தின்றார். "நல்லாத்தானே இருக்கறேன், எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டார். தலைவலிக்கு மட்டும் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி டீயோடு விழுங்குவார். அதுவும் வருஷக்கணக்காக. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கால் வீங்கியது. நின்றே பார்க்கிற வேலை, அதனால்தான் என்றோம். முகம் ஊதியது; சதை போட்டுவிட்டார் என்று சிரித்தோம். சோற்றைக் கண்டாலே குமட்டியபோதுதான் ரத்தம் சோதித்தார்கள்.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சுங்க. கழிவெல்லாம் ரத்தத்துலயே நிக்குது. மெஷின்ல சுத்தம் பண்ணலாம். ஆனா வேற கிட்னி வெச்சாத்தான் உசுரு தங்கும்," என்றார் டாக்டர். என் ரத்தம் சேரவில்லை. அவருடைய அண்ணனுடையது சேர்ந்தது.

"தம்பிக்கு இல்லாததா? ஒண்ணை எடுத்துக்கட்டும் அம்மணி," என்றார் அண்ணன். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அவர் காலில் விழுந்தேன். சோதனையெல்லாம் முடிந்து ஆபரேஷனுக்கு நாளும் குறித்தார்கள்.

அப்புறம் அண்ணன் ஆரம்பித்தார்: "அம்மங்கிட்ட ஒரு பூக் கேட்டுப்போட்டு வந்தர்லாம்." எங்கள் பக்கம் பெண் எடுக்கவும் கிணறு வெட்டவும் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் அம்மன் காலடியில் வைத்தால் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலங்களை அண்ணனே வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார். சிவப்பு வந்தது.

"நான் என்ன பண்ணட்டும்? ஆத்தாளே வேண்டாம்னுட்டா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். என் வீட்டுக்காரர் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. பூசாரி நகர்ந்ததும் மிஞ்சிய பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். அதிலும் சிவப்பு அரளிதான் இருந்தது.

அடப் பாவி! முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே. நல்ல உடம்பைக் கிழிக்கக் கொடுக்க யாருக்குத்தான் பயமிருக்காது? நாலு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பேன். அதற்கு அம்மனையா இழுப்பது?

பொட்டலத்தைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு இவரிடம் போனேன். என் முகத்தைப் பார்த்ததும், "அண்ணனத் திட்டாத புள்ளே. அது குடுக்கறேன்னுதான் வந்துச்சு," என்றார். பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன். கூடப் பிறந்தவன் ஏமாற்றினான் என்று தெரிந்தால் அன்றைக்கே போய்விடுவார் என்று பயந்தேன்.

எட்டு மாதம் மெஷினில் ஓடியது. பழம் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் அண்ணன் வாரம் தவறாமல் ஆரஞ்சு வாங்கி வந்தார். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருப்பார். அண்ணன் கிளம்பிப் போன பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, ஒவ்வொரு முறையும் என்னிடம் அதையேதான் கேட்பார். கடைசி நாளன்றும் கேட்டார்.

"ஆத்தாளுக்கு நான் என்ன குறை வெச்சேன் புள்ளே?"