மோட்டார் ஹோமுக்குப் பின்னால் என் ஜீப்

என் ஜீப்பை இன்னொரு வண்டியின் வாலில் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம் என்று யோசனை சொன்னவர் என் கணவர். அந்த ஜீப்பை அவருக்கு ஓட்டத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கார் ஓட்டப் பழகியதே அமெரிக்கா வந்த பிறகு, அதுவும் ஆட்டோமேட்டிக்கில். கிளட்ச் என்றாலே அவருக்கு ஆகாது. நான் பொள்ளாச்சியில் அப்பாவின் காரில் கியர் போட்டுப் பழகியவள்.

தொண்ணூற்றேழாம் வருடம். டெக்ஸஸில் கேட்டி என்ற ஊரில் இருந்தோம். அதற்கு முன் டிபென்டன்ட் விசாவில் ஐந்து வருடம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வேலைக்குப் போக அனுமதி கிடையாது. வீடு, போன், கரண்ட் எல்லாம் அவர் பெயரில். கிரீன் கார்டு வந்து, ஒரு லேபில் வேலை கிடைத்ததும் என் சம்பளத்தில் வாங்கிய முதல் பொருள் அந்த ஜீப். பழைய வண்டிதான். சிவப்பு நிறம், ஏசி சுமார். ஆனால் அந்த நாட்டில் என் பெயரில் இருந்தது அது ஒன்றுதான். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது.

அந்த வருடம் என் கணவரின் அப்பாவும் அம்மாவும், அதாவது மாமாவும் அத்தையும், ஈரோட்டிலிருந்து வந்தார்கள். மாமாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அதனால் சமையலறையோடு ஒரு வண்டியிலேயே பிக் பெண்ட் மலைப்பக்கம் போய் வரலாம் என்று என் கணவர், அவருடைய ஆபீஸில் ரிட்டயர் ஆன ஒருவரிடம் பஸ் அளவிலான ஒரு மோட்டார் ஹோமை இரவல் வாங்கினார். அவ்வளவு பெரிய வண்டி அங்கே மண் ரோட்டில் போகாது; கூடவே ஒரு சின்ன வண்டி வேண்டும். அவருடைய காரை நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்தால் கியர் பாக்ஸ் காலி. என்னுடையது ஃபோர் வீல் டிரைவ். கியருக்குப் பக்கத்திலேயே இன்னொரு லீவர் இருக்கும். அதை நியூட்ரலில் தள்ளிவிட்டால் சக்கரம் தன்பாட்டுக்கு உருளும், கியர் பாக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. ஆக, பலிகடா என் ஜீப்.

“ஏனுங்க, நான் பின்னாலயே ஓட்டிட்டு வந்தர்றேனே?” என்று கேட்டேன்.

“ஃப்ரீவேல அவ்ளோ தூரம் தனியா எப்படி டிரைவ் பண்ணுவே? ஃபேமிலியா ஒண்ணா போலாம்னுதான் இந்த பிளானே.”

தினமும் அதே ஃப்ரீவேயில்தான் நான் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

வண்டியைக் கொடுத்த பெரியவர் நல்ல மனிதர். எல்லாவற்றையும் என்னிடம்தான் விளக்கினார், கிளட்ச் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. ஜீப்பை இழுக்கும் கம்பிக்கு இரண்டு கை, இரண்டிலும் பின் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். அடியில் சங்கிலிகள் குறுக்காகப் போக வேண்டும். பின்லைட் வயரைச் சொருக வேண்டும். அதன் பிறகு ஜீப்பை ஸ்டார்ட் செய்து, கியரில் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட வேண்டும். வண்டி அசையாமல் நின்றால் அந்த லீவர் நியூட்ரலில் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, சாவியை ஒரு கட்டம் திருப்பி வண்டியிலேயே விட்டுவிட வேண்டும். சாவி இருந்தால்தான் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கும், முன்வண்டி திரும்பும்போது ஜீப்பின் முன்சக்கரங்களும் கூடவே திரும்பும். கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று நடந்து பார்க்கச் சொன்னார். எக்காரணம் கொண்டும் ஜீப்போடு ரிவர்ஸ் எடுக்கக் கூடாது, கம்பி வளைந்துவிடும் என்பதை என் கணவரைப் பார்த்து மூன்று முறை சொன்னார்.

அத்தை, மோட்டார் ஹோமுக்கு ஆறு, ஜீப்புக்கு நாலு என்று மொத்தம் பத்து சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், ஹில்கிராஃப்ட் தெருவில் இந்தியக் கடையில் வாங்கியது. அன்றைக்கு ஒழுங்காக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

சான் அன்டோனியோவுக்கு முன்னால் பெட்ரோல் போட நிறுத்தினோம். ஃப்ரீவேக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பங்க். இவர் நேராகக் கொண்டுபோய்க் கடைச் சுவருக்கு முன்னால் மூக்கை இடித்த மாதிரி நிறுத்தினார். முன்னால் போக வழியில்லை. பின்னால் ஜீப். ரிவர்ஸ் எடுக்கக் கூடாது.

“அட்ஜஸ்ட் பண்ணி லைட்டா ஒரு ரிவர்ஸ்...” என்று ஆரம்பித்தார். நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன்.

டெக்ஸஸ் வெயிலில், தார் கொதிக்கிற தரையில் மண்டி போட்டு, ஜீப்பைக் கழற்றினேன். அதை ஒதுக்கி நிறுத்தினேன். அவர் மோட்டார் ஹோமை ரிவர்ஸ் எடுத்து, திரும்பி நின்றார். மறுபடி ஜீப்பைக் கொண்டுவந்து மாட்டி, சங்கிலி, வயர், லீவர், கிளட்ச் எல்லாம் முடித்து, சாவியைத் திருப்பி வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். முட்டி இரண்டும் சிவந்துபோயிருந்தன. இவர் ஏசியில் உட்கார்ந்து கேசட் மாற்றிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து, வழக்கம்போல ஒரு சுற்று நடக்கப் போனேன். ஜன்னலை இறக்கி, “இப்பத்தானே மாட்டுனே? எத்தனை தடவைதான் சுத்துவே? கோயில் பிரதட்சிணமா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. எக்கேடோ கெடட்டும் என்று ஏறி உட்கார்ந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. அதை இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

பங்க்கிலிருந்து வலது பக்கம் ஒரு திருப்பம். அப்புறம் ஃப்ரீவேக்கு அடியில் ஒரு யூ டர்ன். கேசட் பாட்டுக்கும் ஏசி சத்தத்துக்கும் நடுவே எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்த பிக்கப் வண்டிக்காரன் ஹாரன் அடித்து, பின்னால் பின்னால் என்று கையை ஆட்டினான். ஓரங்கட்டி இறங்கினால், ரப்பர் கருகிய நாற்றம். ஜீப்பின் முன்சக்கரங்கள் இரண்டும் திரும்பவே இல்லை. நேராக நின்றபடியே தாரில் தேய்த்து இழுக்கப்பட்டிருந்தன. ஒரு டயரில் பாதி மொழுக்கென்று ஆகியிருந்தது. கம்பியின் ஒரு கை வளைந்திருந்தது. உள்ளே பார்த்தேன். சாவி இல்லை.

“உன்னைத்தானே செக் பண்ணச் சொன்னேன்!” என்றார் இவர்.

நான் திருப்பிச் சொன்னதை எழுத முடியாது. ரோட்டோரத்தில், அத்தை மாமா முன்னால், பத்து வருடக் கல்யாணத்தில் அதுவரை பேசாத பேச்சு.

மாமா மெதுவாகப் படியிறங்கி வந்தார். ஊரில் பூட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பவர் அவர். சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தார்.

“நான்தான் எடுத்து வச்சேன். ஆளில்லாத வண்டில சாவிய வுட்டுப்போட்டு ஆளுக்கொரு பக்கமாப் போயிட்டீங்க. நம்ம ஸ்கூட்டருக்குப் போடற மாதிரி ஹேண்டில் லாக்கும் போட்டு வச்சேன்.”

“அப்பா! யாரு உங்களை அதையெல்லாம் தொடச் சொன்னது? குடுங்க இங்கே,” என்று இவர் கையை நீட்டினார்.

மாமா கொடுக்கவில்லை. என்னிடம் வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

“தப்புப் பண்ணிப்போட்டனாட்ட இருக்குது அம்மணி. உன்ற சம்பாத்தியத்துல வாங்குன வண்டி. எவனாச்சும் ஓட்டிட்டுப் போயிட்டா நீ என்ன பண்ணுவேன்னுதான்...”

கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். தேய்ந்த டயரைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஆனால் உன் சம்பாத்தியம் என்று அந்த வீட்டில் யாரும் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஜீப்பை நாசம் செய்த மனிதர்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அழுகை வந்தது, எரிச்சலாகவும் இருந்தது. சாவியை வாங்கிக்கொண்டேன்.

வளைந்த கம்பியின் பின்னைச் சுத்தியலால் தட்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது. லீவரை நியூட்ரலிலிருந்து எடுத்தேன். ஜீப்பில் ஏறி ஸ்டார்ட் செய்ததும், மாமா பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். அத்தை தயிர்சாத டப்பாவோடு பின்னால் ஏறினார். இவர் ரோட்டில் நின்று எங்கள் மூவரையும் பார்த்தார்.

“அப்ப நான்?”

“நீங்க ஃபேமிலி வண்டிய ஓட்டிட்டு வாங்க,” என்றேன்.

மெதுவாக ஓட்டிப் போய், அடுத்த ஊரில் ஒரு டயர் கடை முன்னால் நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டுச் சாவியை எடுத்தேன். மாமா இறங்கி என் பக்கம் சுற்றி வந்து, கதவின் கைப்பிடியைத் தொடப்போய், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

“இப்ப ஹேண்டில் லாக் போடலாமா அம்மணி?”

“போடலாமுங்க மாமா,” என்று சாவியை அவர் கையில் கொடுத்தேன்.